ஸ்காக்வேயில் இறங்கி கார் எடுத்த கதை

அலாஸ்கா கப்பல் பயணம் போய் வந்து எட்டு மாதம் ஆகிறது, இன்னும் யாராவது போன் போட்டு அதே கேள்வியைக் கேட்கிறார்கள். "கப்பல்ல விக்கிற டூர் எதையும் எடுக்காம நீங்களே கார் எடுத்துட்டுப் போனீங்களாமே, கப்பல் விட்டுட்டுப் போயிட்டா என்ன பண்ணியிருப்பீங்க?" ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் பதில் சொல்லி வாய் வலிக்கிறது. எழுதி வைத்துவிட்டால் இனி கேட்பவர்களுக்கு இதையே அனுப்பிவிடலாம்.

நான் சியாட்டில், தம்பி டொரண்டோ. அப்பா அம்மா உடன்குடி பக்கம். அவர்கள் அமெரிக்கா வந்திருந்த ஜூன் மாதத்தில் நான்கு பேருமாக வான்கூவரில் ஏறி, கெட்சிகன், ஜூனோ, ஸ்காக்வே பார்த்துவிட்டு, பனியாறு ஒன்றை எட்ட நின்று பார்த்துவிட்டு, திரும்ப வான்கூவரிலேயே இறங்குகிற ஏழு நாள் பயணம். கப்பலில் ஏறுவதற்குப் பல மாதம் முன்பே டூர் பட்டியலை அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொன்றும் தலைக்கு நூறு டாலருக்கு மேல். நான்கு தலையால் பெருக்கி, மூன்று துறைமுகத்தால் பெருக்கிப் பார்த்த அன்றைக்கே தம்பி கார் வாடகை விவரங்களைத் தேட ஆரம்பித்துவிட்டான்.

காசு மட்டும் காரணமில்லை. அம்மாவுக்கு மூட்டு வலி. டூர் பஸ்ஸில் "பதினைந்து நிமிடம் நிற்போம்" என்று சொன்னால் அம்மா படியிறங்கி முடிப்பதற்குள் எட்டு நிமிடம் போய்விடும். அப்பாவோ எதையாவது பார்த்தால் பார்த்துக்கொண்டே நிற்கிற ஆள். இந்த இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு ஐம்பது பேரோடு பஸ்ஸில் போவது யாருக்கும் நிம்மதியில்லை, அந்த ஐம்பது பேருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சரி, எந்தத் துறைமுகத்தில் கார் எடுப்பது? இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். எங்கே வாடகை மலிவு என்று பார்க்கிறார்கள். சாலை எங்கே போகிறது என்று பார்ப்பதில்லை. கெட்சிகன் ஒரு தீவில் இருக்கிற ஊர், கடலோரமாக இரண்டு பக்கமும் கொஞ்ச தூரம் போய்ச் சாலை முடிந்துவிடும், அங்கே கால்நடையே போதும். ஜூனோ மாநிலத்துக்கே தலைநகர், ஆனால் வெளியூரிலிருந்து சாலை வழியாக அந்த ஊருக்கு வரவே முடியாது, ஒன்று விமானம், இல்லையென்றால் படகு. உள்ளே இருக்கிற சாலையும் நாற்பது மைல் சொச்சத்தில் முடிந்துவிடுகிறது. அங்கே எல்லாரும் பார்க்கப் போவது மெண்டன்ஹால் பனியாறு, அது ஊரிலிருந்து இருபது கிலோமீட்டர்தான், துறைமுகத்திலிருந்தே பஸ் ஓடுகிறது. அதற்குக் காரெடுத்து, பார்க்கிங் தேடி, திருப்பிக் கொடுக்க ஓடி, என்னத்துக்கு?

ஸ்காக்வே அப்படியில்லை. ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழ்கிற ஊர் (பெரிய கப்பல் நான்கு சேர்ந்து வந்து நின்றால் பகலில் பத்தாயிரம் பேருக்கு மேல் தெருவில் நிற்பார்கள்), ஆனால் அங்கிருந்து புறப்படுகிற க்ளாண்டைக் நெடுஞ்சாலை மலையேறி, கனடாவுக்குள் நுழைந்து, ஒயிட்ஹார்ஸ் பக்கத்தில் அலாஸ்கா நெடுஞ்சாலையோடு சேர்ந்துவிடுகிறது. பிடித்தால் டெக்சாஸ் வரைக்கும் ஓட்டிக்கொண்டே போகலாம். தென்கிழக்கு அலாஸ்காவின் கப்பல் ஊர்களில் இப்படி வெளியுலகச் சாலையோடு சேர்ந்தவை ஸ்காக்வேயும் பக்கத்து ஊரான ஹெய்ன்ஸும்தான். 'பக்கத்து ஊர்' என்பதும் படகில் போனால்தான். நீர்வழியில் பதினைந்து மைல், சாலையில் சுற்றிக்கொண்டு போனால் 350 மைலுக்கு மேல்.

ஸ்காக்வேயில் பெரும்பாலானவர்கள் ரயிலில்தான் போகிறார்கள். 1898-இல் தங்கவேட்டைக் கூட்டத்துக்காகக் கட்டத் தொடங்கி 1900-இல் முடித்த குறுகிய பாதை ரயில், கடல்மட்டத்திலிருந்து இருபது மைலுக்குள் கிட்டத்தட்ட மூவாயிரம் அடி ஏறுகிறது. நம் ஊட்டி ரயிலைப் பார்த்தவர்களுக்கு அந்த மயக்கம் புரியும். குறையே சொல்ல முடியாத ரயில். ஆனால் உச்சி வரை போய்த் திரும்புகிற இரண்டரை மணி நேரப் பயணத்தில் எங்கேயும் இறங்க முடியாது. பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் ரயில், எதிர்ப்பக்கம் சாலை. ரயிலில் போனால் சாலையைப் பார்த்துக்கொண்டு போகலாம், சாலையில் போனால் ரயிலைப் பார்த்துக்கொண்டு போகலாம், இரண்டாவதில் வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். அப்பாவுக்காகவே நான் சாலையைத் தேர்ந்தெடுத்தேன்.

கார் என்று முடிவானதும் அடுத்த சண்டை எதுவரைக்கும் போவது என்பதில். தம்பிக்கு ஒயிட்ஹார்ஸ் போய்ப் பார்த்துவிட வேண்டும். யூகான் மண்டலத்தின் தலைநகரம், 175 கிலோமீட்டர், பழைய துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல் ஒன்றைக் கரையேற்றி வைத்திருக்கிறார்கள், மைல்ஸ் கேன்யன் என்று அழகான நதிப் பிளவு இருக்கிறது. எக்செல்லில் நிமிடம் நிமிடமாகக் கணக்குப் போட்டு வந்து காட்டினான். கப்பல் காலை எட்டு மணிக்குக் கரை சேர்கிறது, மாலை ஐந்துக்குள் எல்லாரும் ஏறியிருக்க வேண்டும், ஐந்தரைக்குக் கிளம்பிவிடும். காலை 8:45-க்குக் கார் கையில், ஒயிட்ஹார்ஸில் இரண்டு மணி நேரம், திரும்பி வந்து காரை ஒப்படைக்கும்போது மாலை 4:15. "முக்கால் மணி நேரம் மிச்சம்க்கா." அவன் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. அவன் கணக்கில் யாருக்கும் பாத்ரூம் வரவில்லை, அவ்வளவுதான்.

நான் எமரால்டு லேக் போதும் என்றேன். ஸ்காக்வேயிலிருந்து 118 கிலோமீட்டர், நிற்காமல் போனால் ஒண்ணே முக்கால் மணி நேரம். தூரம் குறைவு என்பதற்காக மட்டும் இல்லை. ஒயிட்ஹார்ஸைப் பார்க்கப் போகிறவன் அங்கே போய்ச் சேர்ந்தால்தான் நாள் உருப்படும். வழியில் எங்கேயாவது தாமதமாகி நூறாவது கிலோமீட்டரில் திரும்ப நேர்ந்தால் 'போக முடியவில்லையே' என்றுதான் மனதில் நிற்கும். எமரால்டு லேக்குக்குப் போகும்போதோ அந்தச் சாலையே பார்க்கிற பொருள்தான். இருபத்து மூன்றாவது கிலோமீட்டரில் மலையுச்சி, அப்புறம் பாறையும் குட்டையுமாக ஒரு வெட்டவெளி, அப்புறம் ஏரி, ஏரி, ஏரி. எந்த இடத்தில் திரும்பினாலும் அதுவரை பார்த்தது லாபம். கப்பல் பயணத்தில் நாமே ஓட்டிப் போகிற நாளுக்கு இந்த மாதிரிச் சாலைதான் வேண்டும்: போன வழியே திரும்புகிற ஒற்றைச் சாலை, முழுசும் காட்சி. வட்டமாகச் சுற்றி வருகிற பாதை வரைபடத்தில் அழகாக இருக்கும், ஆனால் பாதி வட்டத்தைத் தாண்டிவிட்டால் மாட்டிக்கொண்டோம், பின்னால் போவதும் முன்னால் போவதும் ஒரே தூரம்.

ஒற்றைச் சாலையில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பாறை சரிந்தாலோ விபத்து நடந்தாலோ வேறு வழி கிடையாது. கப்பல்காரர்கள் மூலமாக எடுத்த டூர் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நமக்குக் காத்திருக்காது. விட்டால், ஜூனோவுக்குச் சின்ன விமானமோ தினமும் ஓடாத படகோ பிடித்துத் துரத்த வேண்டும், செலவு நம் தலையில். அதனால்தான் எங்கே போவது என்று முடிவு செய்வதற்கு முன்னால் எத்தனை மணிக்குத் திரும்புவது என்று முடிவு செய்தேன். மதியம் ஒரு மணி. எங்கே இருந்தாலும் சரி, கண்முன்னால் கரடி பரதநாட்டியம் ஆடிக்கொண்டிருந்தாலும் சரி, ஒரு மணிக்கு வண்டியைத் திருப்பிவிட வேண்டும். தம்பி முனகினான். அப்பா, "அக்கா சொல்லுதத கேளுல, அவதான் ஓட்டப் போறா" என்று முடித்து வைத்தார்.

விசா விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கிற நமக்கு மைல் கணக்கைவிட இதுதான் முக்கியம். வான்கூவரில் ஏறுவதால் கனடா விசா எப்படியும் எடுத்திருப்போம். ஆனால் எண்ணிப் பாருங்கள்: வான்கூவருக்கு வரும்போது கனடாவுக்குள் ஒரு முறை, ஸ்காக்வேயிலிருந்து கார் ஓட்டிப் போகும்போது இன்னொரு முறை, பயணம் முடிந்து வான்கூவரில் இறங்கும்போது மூன்றாவது முறை. அமெரிக்காவுக்குள்ளும் கப்பலேறும்போது ஒரு முறை, மலையிறங்கித் திரும்பும்போது மறுபடியும். பல முறை நுழைகிற விசாவா என்று இரண்டு நாட்டு முத்திரையையும் தேதியோடு சரிபார்த்துக்கொள்ளாமல் கார் பக்கம் போகாதீர்கள். மற்ற துறைமுகங்களில் கப்பல் அட்டையும் ஓர் அடையாள அட்டையும் போதும் என்று பழகியிருப்போம், அதே நினைப்பில் பாஸ்போர்ட்டை அறைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு இறங்கினால் சோதனைச் சாவடி வரைக்கும்தான் சுற்றுலா. விசா இடிக்கிறது என்றால் கவலைப்படாமல் ரயிலேறிவிடுங்கள். உச்சி வரை போய் இறங்காமல் திரும்புகிற ரயிலுக்கு இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை, டிக்கெட் வாங்கும்போது கேட்டு உறுதி செய்துகொண்டால் போதும்.

வாடகைக் காரையும் இப்படித்தான் கேட்டு வாங்க வேண்டும். சின்ன ஊர், கார்கள் குறைவு, கப்பல் நாட்களில் சீக்கிரம் தீர்ந்துவிடும். நாங்கள் மூன்று மாதம் முன்பே பதிவு செய்தோம். கனடாவுக்குள் கொண்டுபோகலாம், காப்பீடு அங்கேயும் செல்லும் என்பதை எழுத்தில் வாங்கி வைத்தது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் அன்று காலை கவுண்டரில் இருந்த பையன் "கனடாவா?" என்று புருவத்தைத் தூக்கினான். மின்னஞ்சலைக் காட்டியதும் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து சாவியைக் கொடுத்தான். எங்களுக்கு முன்னால் ஐந்து குடும்பம் வரிசையில், எல்லாரும் ஒரே கப்பலில் இறங்கியவர்கள், எல்லாருக்கும் ஒரே அவசரம். கார் கைக்கு வந்தபோது மணி 9:20. தம்பி ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

கடலோரத்திலிருந்து சாலை சட்டென்று ஏறத் தொடங்கிவிடும். 23 கிலோமீட்டரில் 3,292 அடி. வலதுபக்கமோ இடதுபக்கமோ ஏதாவதொரு பக்கம் அருவி விழுந்துகொண்டே வரும். எதிர் மலையில் ரயில் ஒன்று பாறையைச் செதுக்கிய விளிம்பில் ஊர்ந்துகொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "நல்லவேள, அதுல ஏறல" என்றாள், தான் உட்கார்ந்திருந்த கார் அதே உயரத்தில் அதே மாதிரி விளிம்பில்தான் போய்க்கொண்டிருந்தது என்பதை யாரும் சொல்லவில்லை.

உச்சியை நெருங்கும்போது பனிமூட்டம் கவிந்துவிட்டது. முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிகிறது. இங்கே ஏமாந்துபோகாதீர்கள், கடல் பக்கத்து ஈரக்காற்று மலையில் மோதிக் கட்டுகிற மூட்டம் அது, மலைக்கு அந்தப் பக்கம் மழைமறைவு, இறங்கினால் வெயில். மேற்குத் தொடர்ச்சி மலையில் சாரல் சமயத்தில் செங்கோட்டைக் கணவாய் பக்கம் போனவர்களுக்குப் புதிதில்லை. நான் உச்சியில் எங்கேயும் நிறுத்தவில்லை. முதலில் நேரே கடைசி இடத்துக்குப் போய்விட வேண்டும், நின்று பார்க்கிறதெல்லாம் திரும்பும் வழியில். நேரம் ஆக ஆக கப்பலுக்கும் நமக்கும் நடுவில் தூரம் குறைந்துகொண்டு வர வேண்டுமே தவிரக் கூடக் கூடாது. காலையில் மூட்டத்தில் போன உச்சி மதியம் பளிச்சென்று தெரியவும் செய்யும் (எங்களுக்குத் தெரிந்தது).

இந்த எல்லையில் ஒரு வேடிக்கை. அமெரிக்கச் சாவடி ஊருக்கு வெளியே பதினோரு கிலோமீட்டரில் அடிவாரத்தில் இருக்கிறது, நாட்டு எல்லை உச்சியில், கனடா சாவடி அதையும் தாண்டி ஃப்ரேசர் என்கிற இடத்தில். நடுவில் இருபது கிலோமீட்டருக்கு மேல் யாரும் கேட்க ஆளில்லாத சாலை. "இப்ப நாம எந்த நாட்டுல இருக்கோம்?" என்று அப்பா மூன்று முறை கேட்டார். அந்தக் காலத்திலும் கனடாக்காரர்கள் மலைமேலேதான் உட்கார்ந்திருந்தார்கள். 1896 ஆகஸ்டில் க்ளாண்டைக் பகுதியில் தங்கம் கிடைத்த சேதி பரவி அடுத்த வருடம் ஜனங்கள் ஸ்காக்வேயில் வந்து குவிந்தபோது, ஒரு வருடத்துக்கு வேண்டிய சாமான், ஏறத்தாழ ஒரு டன் எடை, இல்லாதவனைக் கணவாய்க்கு அந்தப் பக்கம் விடவில்லை, போனால் பட்டினி கிடந்து செத்துவிடுவான் என்று. அந்த ஒரு டன்னை முதுகிலும் குதிரையிலும் ஏற்றி ஏற்றி, இந்த மலைவழியில் மட்டும் சுமார் மூவாயிரம் குதிரைகள் செத்தன. அந்தத் தடத்துக்கே செத்த குதிரைத் தடம் என்றுதான் பெயர்.

ஃப்ரேசரில் எங்களுக்கு முன்னால் ஒரே ஒரு வண்டி. அதிகாரி நான்கு பாஸ்போர்ட்டையும் புரட்டிவிட்டு, சாப்பாட்டுப் பொருள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். நான் இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பின்சீட்டிலிருந்து அம்மா கைப்பையைத் திறந்து பிளாஸ்டிக் கவரில் இருந்த கருப்பட்டியை எடுத்து நீட்டிவிட்டாள். உடன்குடிக்காரி, நயாகராவுக்குப் போனாலும் பையில் கருப்பட்டி இருக்கும். பனை மரத்துச் சர்க்கரை என்று விளக்கினேன். அவர் முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்துத் திருப்பிக் கொடுத்தார். எல்லாம் சேர்த்து பத்து நிமிடம்.

ஃப்ரேசர் தாண்டியதும் வெயில். வேகப் பலகையெல்லாம் கிலோமீட்டரில், எங்கள் காரின் முள் மைலில், கவனம். யூகானில் பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும் என்பது சட்டம். செல்போன் சிக்னல் வழியில் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள், வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருந்தோம், ஒரே சாலை என்பதால் அதைத் திறக்கவேயில்லை. டுட்ஷி ஏரி ஓரமாகப் போகும்போது அம்மா, "ஏட்டி நிறுத்து, நிறுத்து, அந்தா கரடி!" என்று கத்தினாள். சாலையோரத்தில் மஞ்சள் பூவாகப் பூத்துக் கிடக்கிற டேண்டலியன் செடியை ஒரு கருங்கரடி மாடு மேய்வது மாதிரி மேய்ந்துகொண்டிருந்தது. ஜூனில் அவற்றுக்கு அதுதான் சாப்பாடு. காரை விட்டு இறங்காமல், கண்ணாடியைப் பாதி இறக்கி, மூன்று நிமிடம். என் ஒரு மணி விதிக்குள் இது அடங்கும்.

எமரால்டு லேக்குக்கு வந்தபோது பதினொன்றரை. அந்தப் பச்சையைப் படத்தில் பார்த்தபோது ஏதோ வண்ணம் தீட்டி ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை. ஏரியின் அடியில் சுண்ணாம்புச் சத்துள்ள வெள்ளைக் களிமண் படிந்திருக்கிறது, ஆழமில்லாத இடங்களில் வெயில் அதில் பட்டுத் திரும்பும்போது மயில் கழுத்து நிறம். மேகம் மறைத்தால் அந்த நிறம் அப்படியே அணைந்துவிடுகிறது, மேகம் விலகினால் மறுபடி ஏற்றிக்கொள்கிறது. பார்க்கிற இடம் சாலையோரத்திலேயே மேட்டில் இருக்கிறது, அம்மாவுக்குப் பத்தடி நடை. இதையும் நான் முன்பே பார்த்து வைத்திருந்தேன், அழகான இடம் என்று போய் இரண்டு கிலோமீட்டர் மலையேற வேண்டியிருந்தால் யார் அம்மாவோடு காரில் உட்கார்வது என்று அடுத்த சண்டை வரும்.

திரும்பும் வழியில் கார்க்ராஸ் பாலைவனம். உலகத்திலேயே மிகச் சின்னப் பாலைவனம் என்று விளம்பரம் செய்கிறார்கள். ஒரு சதுர மைல்தான், பைன் மரங்களுக்கு நடுவில் மணல்மேடு, பின்னால் பனி போர்த்திய மலை. உண்மையில் பனியுகத்துப் பனி உருகித் தேங்கியிருந்த ஏரியின் அடிமணல் அது, பென்னட் ஏரிப் பக்கமிருந்து வீசுகிற காற்று இன்னும் மணலைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருப்பதால் செடி சரியாக வேர்பிடிப்பதில்லை. அப்பா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்று பார்த்தார். "இதுவா பாலைவனம்? நம்ம குதிரைமொழித் தேரியில ஒரு மூலைக்குக் காணாது." நியாயம்தான். எங்கள் ஊர்த் தேரி செக்கச் சிவந்த மணல், பனையும் கொல்லாமரமும் நிற்கும், ஆடி மாசக் காற்றில் மணல்மேடு இடம் மாறிவிடும் என்று ஆச்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன். இது வெளிறிய சாம்பல் மணல். ஆனாலும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நடந்தார், கையில் அள்ளி விரலிடுக்கில் ஒழுகவிட்டுப் பார்த்தார், அரை மணி நேரம். பஸ்ஸில் வந்திருந்தால் அந்த அரை மணி கிடைத்திருக்காது. பயணம் முழுக்க அவர் தானாகப் பேசிய ஒரே இடம் இதுதான், பனியாற்றைப் பார்த்தபோதுகூட "நல்லா இருக்கு" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

கார்க்ராஸ் ஊரில் ஐஸ்கிரீம். கரிபூ மான்கள் கடந்து போகிற இடம் என்கிற பெயரைச் சுருக்கிக் கார்க்ராஸ் ஆக்கியிருக்கிறார்கள். தங்கத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஸ்கூக்கம் ஜிம் என்கிற பழங்குடிக்காரர் இந்த ஊர் மண்ணில்தான் புதைக்கப்பட்டிருக்கிறார். ரயில் பாதையின் கடைசி ஆணியை 1900 ஜூலை 29 அன்று இங்கேதான் அடித்தார்கள். பாலத்தடியில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தம்பி போனைப் பார்த்துவிட்டு அலறினான். "அக்கா, மணி ஒண்ணு நாப்பது!" எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்பா சாவகாசமாகக் கையைத் திருப்பித் தன் பழைய எச்எம்டி கடிகாரத்தைக் காட்டினார், பன்னிரண்டு நாற்பது. யூகான் மணி அலாஸ்கா மணியைவிட ஒரு மணி நேரம் முன்னால். சிக்னல் கிடைத்ததும் போன் தானாக மாற்றிக்கொண்டுவிட்டது, கப்பல் அதன் மணியில்தான் இருக்கிறது. ஒரு மணி நேரம் தாமதம் என்று தப்பாக நினைக்க வைக்கிற கடிகாரம் பரவாயில்லை, நேரம் இருக்கிறது என்று நினைக்க வைத்திருந்தால்தான் ஆபத்து. கப்பலில் இருந்து இறங்கும்போது கையில் சாவி கொடுக்கிற கடிகாரம் ஒன்று இருப்பது நல்லது.

ஒரு மணி பத்துக்கு வண்டியைத் திருப்பினேன். பத்து நிமிடம் அம்மா பாத்ரூமுக்கு. டாகிஷ் ஏரியின் விண்டி ஆர்ம் ஓரத்தில் போவ் தீவு தெரிகிற மேட்டில் நின்றோம், அப்புறம் இரண்டு இடத்தில். உச்சியில் மூட்டம் கலைந்திருந்தது. அலாஸ்காவுக்கு வரவேற்கிற பலகையின் கீழ் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டோம், அந்தப் பக்கத்து வெட்டவெளி ஏதோ வேறு கிரகத்தில் இறங்கின மாதிரி இருக்கிறது, இடுப்பளவு உயரத்தில் முறுக்கிக்கொண்டு நிற்கிற மரங்களுக்கு வயது நம்மைவிட அதிகமாம். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரைக் குறைத்து இறங்குங்கள், முன்னால் போன வண்டி ஒன்றிலிருந்து வந்த ரப்பர் கருகிய வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது.

2:50-க்கு அமெரிக்கச் சாவடி. அங்கேதான் காத்திருந்தது பரீட்சை. மூன்று டூர் பஸ், அதன் பின்னால் ஏழெட்டுக் கார். பஸ்ஸில் இருக்கிற ஒவ்வொருவரையும் பார்த்து அனுப்புகிறார்கள். எல்லாக் கப்பலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கிளம்புகிற நாளில் எல்லாரும் ஒரே நேரத்தில்தானே திரும்புவார்கள். அந்த நாற்பது நிமிடத்தில் அப்பா தூங்கிவிட்டார், அம்மா கருப்பட்டியை உடைத்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள், தம்பி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்த மணியையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பதற்றம் இல்லை என்று சொன்னால் பொய், ஆனால் கையில் நேரம் இருந்தது. 3:45-க்கு ஊருக்குள், டாங்கை நிரப்பி காரை ஒப்படைக்கும்போது நான்கு. கப்பலுக்கு நடந்தே போனோம், அம்மா வழியில் கடையில் புகுந்து காந்தம் ஒட்டிய கரடி நான்கு வாங்கினாள்.

ராத்திரி சாப்பிட்டு முடித்து மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தபோது தம்பி மடிக்கணினியைத் திறந்து அந்த எக்செல்லை எடுத்தான். ஒயிட்ஹார்ஸ் போயிருக்க முடியும்தான் என்று நிரூபிக்கப் போகிறான் என்று எனக்குத் தெரியும். கார் கைக்கு வந்த நேரத்தில் 8:45-ஐ அழித்துவிட்டு 9:20 என்று போடச் சொன்னேன். போட்டான். திரும்பும்போது சாவடியில் பத்து நிமிடம் என்று வைத்திருந்த இடத்தில் நாற்பது போடச் சொன்னேன். கடைசிக் கட்டத்தில் முக்கால் மணி நேரம் மிச்சம் என்றிருந்தது இருபது நிமிடம் பற்றாக்குறை ஆயிற்று. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "இதுல அம்மா பாத்ரூம் இன்னும் சேக்கலல்ல?" என்று கேட்டுவிட்டுக் கணினியை மூடினான்.